எட்டி கோர்மனின் முதுகுச் சீட்டு

"அசல் படத்தை இவதான் எடுத்துட்டு நகலை வச்சிட்டா. நீங்க அதை எழுதிக் கொடுத்தாப் போதும்," என்றார் தனேஸ்வரன். கலாதேவி இன்னும் உட்காரக்கூட இல்லை.

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மலேசியாவின் ஈப்போவில் துப்பறியும் தொழில் செய்பவர் கலாதேவி. அவர் அறையை நிதானமாகப் பார்த்தார். சுவர் முழுவதும் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்கள். ஈரம் தாக்காதிருக்க ஏர்கோன் ஓயாமல் ஓடியது.

"படங்களுக்கு ஏர்கோன், எனக்குக் காத்தாடி," என்றாள் தனேஸ்வரனின் மனைவி புஷ்பலதா.

"வாயை மூடுறியா? இவ டைவர்ஸ் கேட்டிருக்கா, மேடம். வீட்டுல பங்கும் வேணுமாம். சுங்காய் ரப்பர் தோட்டத்துல பிறந்து நான் கட்டின வீடு இது. துணிக்கடைக்காரன் மகள் சும்மா வந்து உட்கார்ந்தா. பங்கு வேணாம்னு கையெழுத்துப் போடட்டும். இல்லாட்டி போலீஸ்தான்."

புஷ்பலதா அழவில்லை. கலாதேவியின் உதவியாளர் புனிதாவுக்கு அந்த வளையாத கழுத்து எரிச்சலூட்டியது. இவள்தான் திருடியிருக்க வேண்டும் என்று மனம் அவசரமாக விரும்பியது. ஏன் விரும்புகிறோம் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

தனேஸ்வரன் அசலின் இடத்தில் இருந்த படத்தை நீட்டினார். அதில் பேஸ்பால் வீரன் எட்டி கோர்மன் புழுதி பறக்கச் சறுக்கிக்கொண்டிருந்தான். ஓரத்தில், பத்திரிகை ஆசிரியர் வெட்டவேண்டிய அளவைக் குறித்த சிவப்பு மெழுகுப் பென்சில் கோடு. கலாதேவி விரலால் தடவினார். வழுவழுவென்றிருந்தது, கோடும் அச்சு. நகல்தான். பின்பக்கம் ஒட்டியிருந்த விளக்கச் சீட்டில் மட்டும் தட்டச்சு எழுத்துகள் தாளில் அழுந்திக் கிடந்தன.

"சீட்டு நிஜம்," என்றார் கலாதேவி. "இது இல்லாம அசல் படம் விலை போகுமா?"

"பாதிக்குக்கூடப் போகாது. ஆள், ஊர், தேதி எல்லாம் அதுலதானே இருக்கு."

"உங்களுக்கு இது தெரியுமாம்மா?"

"இந்த வீட்டுல வேற பேச்சே கிடையாதுலா," என்றாள் புஷ்பலதா.

புனிதாவின் பார்வை தனேஸ்வரனின் வெள்ளைச் சட்டைக் கையில் இருந்த கறுப்புத் திட்டில் நின்றது. அவர் கையை மடக்கினார். "சட்டையக்கூடத் துவைக்கத் தெரியல இவளுக்கு!"

"இவர் சுங்காய் போய்ட்டு வந்தப்ப பிடிச்சது," என்றாள் புஷ்பலதா. " எப்படி ஊற வச்சாலும் போகல. அதுக்கும் ஏச்சு."

கலாதேவி சீட்டின் மூலையை நகத்தால் நெம்பினார். அது கிழியாமல் உரிந்தது. படத்துக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய இழையொன்று நீண்டு, சுருக்கென்று திரும்பிக்கொண்டது.

"ரப்பர் பால்," என்றார். "நானும் பீடோர் தோட்டத்துல வளர்ந்தவதான். புத்தக அட்டையிலேர்ந்து பட்டம் வரைக்கும் நமக்கு இதுதானே பசை? துணியில பட்டா கறுத்துடும், எதுல துவைச்சாலும் போகாது."

"யார் வேணும்னாலும்..." என்று இழுத்தார் தனேஸ்வரன்.

"திருடன்னா சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பான், தனேஸ்வரன். கடைப் பசை தாள்ல ஊறிடும். இதை ஒட்டினவர், நாளைக்கு உரிச்சுத் திரும்ப அசல்லயே வைக்கணும்னு நினைச்சிருக்கார். ஒரு கீறல் விழக்கூடாது. அவ்வளவு பாசம் சொந்தக்காரருக்குத்தான் வரும். அசலும் உங்ககிட்டயேதான் இருக்கு. சுங்காய்ல உங்க அப்பா பால் வெட்டின மரம் இன்னும் பால் கொடுக்குது போல."

புனிதா தலை குனிந்தாள். அழாத பெண்ணைத் திருடியாக்க, தனேஸ்வரன் ஒரு பொய் சொன்னார். தனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

கலாதேவி சீட்டை மேசையில் வைத்தார். புஷ்பலதா அதை எடுத்தாள்.

"லதா," என்றார் தனேஸ்வரன். குரல் தணிந்திருந்தது. "லதா, பார்த்து. மடிச்சிடாதம்மா."

அவள் அவரை வியப்போடு பார்த்தாள்.

"இத்தன வருசத்துல என் பேரை இவ்வளவு மெதுவாச் சொன்னதே இல்லையே நீங்க."

பிறகு சீட்டை மடிக்காமல் கைப்பையில் வைத்தாள்.

"வக்கீல்கிட்ட கொடுக்கிறேன். சாட்சி. மடிக்காமத்தான்."

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.