வெய்க்கோவின் ஈயப் பானை

பட்டறை மேசை முழுக்க உறைபனி படிந்திருந்தது. இடுக்கி, துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சுகள், ஜாடியில் போட்டு வைத்த திருகாணிகள் எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல மெல்லிய வெள்ளை. ஈயம் உருக்கும் மின்சாரப் பானையைச் சுற்றி மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குப் பனி இல்லை. அங்கே மரம் நன்றாகக் காய்ந்து கிடந்தது.

ஹெல்மி கையுறையைக் கழற்றிவிட்டுப் பானையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பிளக் தரையில்தான் கிடந்தது. அதன் முனைகளுக்கு நடுவே சிலந்தி வலைகூடக் கட்டியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை. அந்த அடுப்பின் சூடு பலகை வழியாக இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சவுனாவை மூட்டிப் பல நாளாகிறது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. பயந்துகொண்டு நிற்க நேரமில்லை.

போன வருடம் இதே நவம்பரில், குண்டு வார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கணவர் வெய்க்கோ இந்த மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவில் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. அன்றைக்கே பானையும் நின்றுபோனது. உருகியிருந்த ஈயம் அப்படியே இறுகி, அவருடைய இரும்புக் கரண்டி அதற்குள் குத்திட்டு நின்றபடி மாட்டிக்கொண்டது. அடக்கத்தின்போது வெய்க்கோவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வந்த போதகர், இரண்டாவது வார்த்தையிலேயே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

வெய்க்கோவின் தாத்தா விட்டுப்போன துப்பாக்கிக்கு இப்போது எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. குண்டை வீட்டில்தான் வார்க்கவேண்டும். இந்த முறை அந்தத் துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போவேன் என்று மகன் ரெய்னோ ஒற்றைக்காலில் நின்றான்.

"பானைய நானே சரி பண்ணிக்கிறேம்மா," என்று காலையில் சொன்னான்.

"நீ அது பக்கத்துல போகவே கூடாது. நான் பாத்துக்கிறேன்."

"எனக்கு முப்பத்தேழு வயசாச்சு."

"எழுபது ஆனாலும் போகக் கூடாது."

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பதினேழு வயதில், வெளியே கிடந்த ஈயக் கட்டி ஒன்றை, அடியில் பனி ஒட்டியிருந்ததைப் பார்க்காமல், அவன் இந்தப் பானைக்குள் போட்டான். உருகிய ஈயம் வெடித்துச் சிதறியது. வெய்க்கோவின் இடது கண் போயிற்று. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஈயத்து மேல விழுற தண்ணி சும்மா ஆடிட்டுப் போயிடும். உள்ள போற தண்ணிதான் ஆளக் கொல்லும். இது தெரியாதவன் எம் புள்ளயே இல்ல' என்பார். குடித்துவிட்டால் இன்னொன்றும் சொல்வார். 'எனக்கு ஒரு கண்ணுதான் போச்சு. அவன் இன்னொரு தடவ இந்தப் பானகிட்ட வரட்டும்.'

ஹெல்மி கதவுப் பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மேசை சுவரோடு ஒட்டியிருக்காது. பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் உண்டு. வெய்க்கோ எப்போதும் அங்கேதான், காதுமடிப்பு வைத்த தொப்பியோடு, சுவருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி நின்று வேலை செய்வார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பானையின் பக்கத் தகட்டைத் திருகிக் கழற்றினாள். வாஷிங் மெஷினிலிருந்து சவுனா விளக்கு வரை அந்த வீட்டில் பழுது பார்த்தது எல்லாம் அவள்தான். இது என்ன பெரிய வித்தை.

சூடேற்றும் கம்பிச் சுருள் நடுவில் அறுந்திருந்தது. இரண்டு முனைக்கும் இடையில் விரல் நுழையும். இந்தக் கம்பியில் மின்சாரம் ஓடவே வழியில்லை. ஆனாலும் கம்பியைத் தொட்டபோது விரல் சுட்டது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் சத்தம் கேட்டது. வீட்டு அடுப்பில் வைத்துவிட்டு வந்த, இறைச்சி அடைத்த பேஸ்டியின் வெங்காய வாசனை கதவு இடுக்கு வழியாக லேசாக வந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாசனை மெதுவாகப் பிரிந்து வந்தது. தேன்மெழுகு கருகும் வாசனை. ஈயத்தைச் சுத்தம் செய்ய வெய்க்கோ ஒரு துண்டு மெழுகைப் பானைக்குள் போடுவார். இந்தப் பட்டறையில் இப்போது ஒரு பொட்டு மெழுகுகூடக் கிடையாது.

அவசர அவசரமாகப் புதிய சுருளைப் பொருத்தி, திருகுகளை இறுக்கித் தகட்டை மூடினாள். இனி நேரே பிளக்கைச் செருகிவிடக் கூடாது. இறுகிக் கிடக்கும் ஈயத்தை அடியிலிருந்து சூடாக்கினால் கீழே உருகியது மேலே வழியில்லாமல் பீய்ச்சி அடிக்கும். முதலில் சுடர்க்குழாயால் மேலே உருக்கிக்கொள்ளவேண்டும். குழாய் கதவோரத் தட்டில் இருந்தது. எழுந்து போய் எடுத்தாள்.

டொக். டொக்.

கையில் குழாயோடு அப்படியே நின்றாள். ஒவ்வொரு முறையும் ஈயத்தைக் கலக்கிவிட்டுக் கரண்டியைப் பானை விளிம்பில் இரண்டு தடவை தட்டுவார் வெய்க்கோ. முப்பத்தொன்பது வருடம் சமையலறையில் இருந்தபடி கேட்ட சத்தம்.

அவள் திரும்பினாள்.

பிளக் தரையில் கிடந்தது. சிலந்தி வலை அறுபடவில்லை. ஆனால் குத்திட்டு நின்ற கரண்டி இப்போது சாய்ந்து விளிம்பில் படுத்திருந்தது. அதன் காலிக் குழி மேலே மிதந்தது. ஈயம் கண்ணாடிபோல மின்னியது. முழுக்க உருகியிருந்தது.

ஓடிவிடவேண்டும். கதவைப் பூட்டவேண்டும். ரெய்னோ வருவதற்குள்.

வெளியே லாரி வந்து நின்றது.

கதவு திறந்தது. தொப்பியிலும் தோளிலும் அப்பிய பனியோடு உள்ளே வந்தான் ரெய்னோ.

"வராதடா! அங்கேயே நில்லு!"

"என்னம்மா இப்படிக் கத்துற?" என்றபடியே அவன் பானையைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. "அட, உருகிடுச்சே! அப்பாகூட ஒரு வாரம் உக்காந்து தடவிட்டு இருந்திருப்பாரு. நீ ஒரு மத்தியானத்துல முடிச்சிட்ட!"

"கிட்டப் போகாத. சொன்னாக் கேளு. நான் அத பிளக்குலயே போடல."

அவன் சிரித்தான். மேசையருகே போய்ப் பானைக்கு மேல் குனிந்தான்.

"தொப்பி! தொப்பியக் கழட்டுடா!"

அவன் கையைத் தொப்பிக்குக் கொண்டுபோவதற்குள் அதன் காதுமடிப்பிலிருந்து பனிநீர் இரண்டு சொட்டாக ஈயத்தின் மேல் விழுந்தது. ஆடியது. சீறி மறைந்தது. பிறகு ஒரு கட்டிப் பனி பெயர்ந்து கரண்டியின் குழிக்குள் விழுந்தது.

ஹெல்மி பாய்ந்து அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தாள். இழுத்தாள். அவன் வரவில்லை. இன்னும் குனிந்தான். முகம் பானைக்கு நேராக இறங்கியது.

"அம்மா... விடு..."

கரண்டி நிமிர்ந்தது.

யாரும் தொடவில்லை.

பனிக் கட்டியோடு, மெதுவாக, ஈயத்துக்குள் இறங்கியது.

ஹெல்மி கால் இரண்டையும் மேசைக் காலில் ஊன்றி உடம்பு மொத்தத்தையும் பின்னால் எறிந்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். வெடித்தது.

காது அடைத்துப்போனது. ஈயம் கூரையில் தெறித்துச் சொட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. அவள் மகனின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கண் இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தது. தொப்பி மட்டும் நாலைந்து இடத்தில் பொசுங்கியிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"ஏம்மா என் கழுத்தப் புடிச்சு அமுக்கின?" என்றான் ரெய்னோ. அவன் குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது.

"நான் உன் பெல்ட்டப் புடிச்சு இழுத்தேன்டா. ரெண்டு கையாலயும்."

அவன் பிடரியைத் தடவிக்கொண்டு விரலைப் பார்த்தான். ஈயத்தின் மேல் ஒதுங்கும் சாம்பல் கசடு விரலில் ஒட்டியிருந்தது. பிடரியில் அது பரந்த ஒரு உள்ளங்கையின் அளவுக்கு அப்பியிருந்தது.

ஹெல்மி மெதுவாகத் தலையைத் தூக்கி மேசைக்குப் பின்னால் பார்த்தாள்.

புகையேறிக் கருத்த பலகைச் சுவர் முழுக்க ஈயத் துளிகள் வெள்ளியாக ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அகலமான தோள். காதுமடிப்பு வைத்த தொப்பி. முன்னால் நின்ற ஒருவர் ஈயத்தை மறைத்துக்கொண்டதுபோல, அந்த அளவுக்குச் சுவர் கருப்பாகவே இருந்தது. பானையில் கரண்டி இல்லை.

தலை இருந்த இடத்தில், இடது கண் இருக்கவேண்டிய புள்ளியில் மட்டும், ஒரே ஒரு துளி ஈயம் உள்ளே நுழைந்து சுவரில் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் இறுகி மங்கிவிட்டது. அது மட்டும் இன்னும் ஈரமாக மின்னியது.

ரெய்னோ தவழ்ந்தபடியே கதவை நோக்கி நகர்ந்தான்.

துளியும் அவன் பக்கமாக நகர்ந்தது.