சாயங்காலக் காய்ச்சல்

“என் குழந்தைக்கு என்னமோ கொடுக்கிறாங்க மேடம்! காலையில நல்லாத்தான் இருக்கான். சாயங்காலம் போய்த் தொட்டா நெத்தி அனலாக் கொதிக்குது.”

வந்த பெண் துப்பறியும் அலுவலகத்தின் வாசல் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். எதிரே இருக்கும் மீன் ஆலையில், நாள் முழுக்க ஐஸுக்குள் கையை விட்டு மீன் பிரிக்கும் வேலை. இடைவேளையில் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். துப்பறியும் அம்மாள் அவளை உட்காரச் சொல்லி, மேசைமேல் இருந்த டீயில் ஒரு டம்ளரை நீட்டினார். தொட்ட வேகத்தில், “ஐயோ, சுடுதே!” என்று கீழே வைத்துவிட்டாள்.

பட்டாசு தன் டம்ளரைப் பார்த்தான். கூடவே ஊற்றிய டீதான், ஆறி அவலாகிக் கிடந்தது. பட்டாசு என்பது அம்மாள் தன் உதவியாளனுக்கு வைத்த பேர். நாற்பது வயதாகியும் திரி கிள்ளும் முன்பே வெடிக்கிற ஆள்.

“வீட்ல யாரு பார்த்துக்கிறாங்க?”

“என் நாத்தனார். புருஷன் கைவிட்ட பிறகு எங்களோடதான் இருக்காங்க. நாள் பூரா துணி தேய்ச்சுக்கிட்டே பிள்ளையையும் பார்த்துக்கிறாங்க. காய்ச்சல்னு சொன்னா, தொட்டுப் பார்த்துட்டு ‘ஜில்லுன்னுதானே இருக்கான்’னு கூசாமச் சொல்றாங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா, நம்ம முறை வர்றதுக்குள்ள இறங்கிடுது. நாளைக்கு அவங்களை அனுப்பிடலாம்னு இருக்கேன். ஆனா போக்கிடம் இல்லாதவங்க மேடம். தப்பில்லாதவங்களை விரட்டிட்டா என் மனசே என்னைத் தின்னுடும்.”

“சந்தேகமே வேண்டாம். மருந்துதான்!” என்றான் பட்டாசு.

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றார் அம்மாள்.

சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும், வேலை முடிந்து வந்த அவளோடு இருவரும் நடந்தார்கள். வீட்டில் நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசல் ஓரம் கட்டி வைத்த பை. அனுப்பப்போவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. பட்டாசுக்கு அந்தப் பையைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அம்மாள் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். காய்ச்சல் இல்லை.

“தொட்டுப் பாருங்க, கொதிக்குது!” என்றாள் தாய், அழாத குறையாக.

“ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே கையை விடுங்க.”

“சுடுது,” என்றாள் தாய்.

“குளிருது,” என்றார் நாத்தனார்.

பட்டாசு அவசர அவசரமாகத் தன் கையையும் விட்டான். சூடும் இல்லை, குளிரும் இல்லை.

“டீ சுடுதுன்னு வச்சப்பவே நினைச்சேன்,” என்றார் அம்மாள். “பழகின சூட்டை வச்சுத்தான் கை அடுத்ததை அளக்கும். நீ ஐஸிலிருந்து வர்றே, எல்லாம் உனக்குக் கொதிக்கும். இவங்க இஸ்திரிப் பெட்டியிலிருந்து வர்றாங்க, எல்லாம் ஜில்லுன்னு இருக்கும். டாக்டர் வாசல்ல காத்திருந்தப்போ உன் கைதான் பழைய நிலைக்கு வந்திருக்கு. ரெண்டு பேருமே நிஜத்தைத்தான் சொல்லியிருக்கீங்க.” பிறகு நாத்தனாரிடம் திரும்பினார். “ஆனா பிள்ளைக்குத் தண்ணி கலக்கிறப்போ கையை நம்பாதீங்க. உங்களுக்கு இதமா இருக்கிறது அவனைச் சுட்டுடும். முழங்கையை விட்டுப் பாருங்க.”

“அண்ணி, நான் உங்களைப் போய்…” என்றாள் தாய்.

நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

“அடிப் பாவி, இப்படி விறைச்சுக் கிடக்கே! இந்தக் கையோடவா தினமும் வேலை பார்க்கிறே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

பட்டாசு சத்தமில்லாமல் வாசலிலிருந்த பையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்துவிட்டு வந்தான். அவர்கள் இன்னும் அப்படியே நின்றிருந்தார்கள்.

“ரொம்பச் சுடுதாம்மா?” என்று கேட்டார் நாத்தனார்.

“சுடுது அண்ணி. விடாதீங்க.”