கடைசி வரிசைக்காரர்

இறந்தவரின் கைக்கடிகாரம் ஐந்து நாற்பதில் நின்றிருந்தது.

"அதைத்தான் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பச் சொல்றாரு," என்றாள் வந்தவள். தையல்காரி. விரல் நுனிகளில் ஊசி குத்திய தடங்கள். "அஞ்சு நாப்பதுக்கு, தியேட்டர்ல படம் ஓட்டற ஆபரேட்டர் படியில விழுந்து செத்தாரு. அஞ்சு நாப்பத்திரெண்டுக்கு எங்கண்ணன் அவர் பக்கத்துல நின்னாரு. இதுக்கு மேல என்ன வேணும்ங்கறாரு."

வக்கீலம்மா குறுக்கிடாமல் கேட்டார். அரசு வழக்கறிஞராக இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இறந்துபோன கணவரின் தம்பி, காரோட்டியும் உதவியாளருமாக உடன் இருப்பவர், குறிப்பேட்டை அதற்குள் விரித்துவிட்டார்.

"உங்க அண்ணன் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல மேடம். ரெண்டு நாளா வாயே திறக்கல. பயந்துட்டாருன்னு நினைக்கறேன். நாளைக்குக் கொலைன்னே எழுதிடுவாங்களாம்."

அண்ணன் மருந்துக்கடைக்காரர். ஐம்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. வருடத்தில் நான்கு நாள் கடையை மூடிவிட்டு, அந்தச் சிற்றூரின் திரைப்பட விழாவுக்குப் பஸ் ஏறுவார். அங்கே அவருக்குப் பெயர் கடைசி வரிசைக்காரர்.

"பின்னாடி உக்காந்து யாராவது பேசினா அவருக்கு ஆகாது," என்றாள். "கடைசி வரிசைன்னா பின்னாடி சுவர்தானே. சுவர் பேசாதும்பாரு."

"ஆபரேட்டரோட சண்டையா?"

"அன்னிக்குக் காலையில. படம் தெளிவா இல்லேன்னு. 'உன்னைக் கொன்னாத்தான் இந்த தியேட்டருக்கு விடிவு'ன்னு சொல்லியிருக்காரு. நூறு பேர் கேட்டிருக்காங்க."

அவள் ஒரு நோட்டுப்புத்தகத்தை மேசையில் வைத்தாள். "படம் பாக்கறப்போ இருட்டுலயே எழுதுவாரு. இன்ஸ்பெக்டர் புரட்டிப் பாத்துட்டு, கிறுக்கல்னு குடுத்துட்டாரு."

வரிமேல் வரி ஏறிக் கிடந்தது. கொழுந்தன் எட்டிப் பார்த்தார். "டாக்டர் சீட்டே தேவலை அண்ணி."

"அதைப் படிச்சுப் படிச்சுத்தான் இப்படி ஆயிட்டாரு," என்றாள் தையல்காரி. "எனக்குப் படிக்க வரும்."

"அந்தப் படத்துக்கு எழுதினதை மட்டும் படிங்க," என்றார் வக்கீலம்மா.

அவள் படித்தாள். பாதியில் அவள் குரல் நின்றது. பிறகு மீதியையும் படித்தாள்.

வக்கீலம்மா எழுந்தார். "வண்டியை எடுங்க தம்பி."

தியேட்டர் மூடியிருந்தது. வாசலில் விழாவின் துணிப் பதாகை இன்னும் தொங்கியது. முதலாளி சாவிக்கொத்தோடு நின்றார்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க காயணும்? சங்கத்துக்காரங்க விழா நடத்தினாங்க. சீல் வச்சது என் கதவுக்கு. இன்னிக்குத்தான் பிரிச்சாங்க."

சங்கம் என்றது ஊர்த் திரைப்படச் சங்கத்தை. அதன் செயலாளரும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல். ஆறு வருடமாக விழாவை நடத்துபவர்.

"நல்ல ரசிகர்மா அவர்," என்றார். "இப்படிச் செய்வார்னு நான் நினைக்கல. அஞ்சரைக்குப் படம் முடிஞ்சதும் நான் மேடை ஏறிட்டேன். நன்றியுரை. அஞ்சு அம்பது வரைக்கும் பேசினேன். எல்லாரும் பாத்தாங்க."

"நான் வீட்டுக்குப் போயிட்டேன்," என்றார் முதலாளி. "மத்தவங்களுக்குத் தப்பிக்க வழியில்ல."

அரங்கின் பின்சுவருக்கு மறுபக்கம், ஆபரேட்டர் அறைக்கு ஏறும் சிமெண்டுப் படிகள். ஒரு ஆள் மட்டுமே போகும் அகலம். கடைசிப் படியருகே தரையைக் கழுவியிருந்தார்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. வக்கீலம்மா குனிந்து அதை விரலால் தொட்டார்.

மேலே இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றில் ரீல் ஓடும்போதே மற்றதில் அடுத்ததைக் கோத்து வைக்க வேண்டும். ஆறு ரீல் படம், ரீலுக்கு இருபது நிமிடம். ஆறாவது ரீல் மெஷினிலேயே இருந்தது. மற்ற ஐந்தும் அலமாரியில் தகர டப்பாக்களில். சுவரில் ஓர் ஆணி.

"இது?"

"அவன் கடிகாரத்துக்கு," என்றார் முதலாளி. "பிலிமைத் தொடறப்போ கையில கட்ட மாட்டான். கீறிடுமாம். கடைசி ரீலும் டப்பாவுக்குள்ள போன பிறகுதான் எடுத்துக் கட்டுவான். முப்பது வருஷப் பழக்கம்."

கொழுந்தன் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார். "அண்ணி, முதல் மூணு ரீல்லயும் படத்தோட ஆரம்பம் வெளிப்பக்கமா இருக்கு. நாலுலயும் அஞ்சுலயும் முடிவு வெளிப்பக்கமா இருக்கு. அப்புறம், முதல் மூணுல ஏதோ டிக்கெட்டுக் கிழிசல் சொருகியிருக்கு. பதினோரு இடத்துல."

"ஒரு ரீல் ஓடி முடிஞ்சதும் கையோட திருப்பிச் சுத்திடுவான்," என்றார் முதலாளி. "ஓரத்துல விரலை வச்சுக்கிட்டே சுத்துவான். ஒட்டுப் போட்ட இடம் இருந்தா விரல் சொல்லும். அங்க சீட்டு வைப்பான்."

"உங்க சங்கத்துலயும் அப்படித்தானா?" வக்கீலம்மா செயலாளர் பக்கம் திரும்பினார்.

செயலாளர் சிரித்தார். "இல்லம்மா. சங்கத்துல சின்ன மெஷின்ல நானேதான் ஓட்டறேன். ஃபிலிம் காப்பகத்துல இருந்து இரவலா வர்ற பிரிண்டை ஓடினபடியே விட்டுடணும். திருப்பிச் சுத்தறதை அவங்க சோதிச்சுச் செய்வாங்க. அதுதான் முறை. தியேட்டர்காரங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது."

முதலாளி மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அனைவரும் அரங்கில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் கடைசி வரிசைக்காரரை அழைத்து வந்திருந்தார். கசங்கிய சட்டை, மூன்று நாள் தாடி. தங்கை அருகில் போய் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. கடைசி வரிசையையும் பார்க்கவில்லை.

"அஞ்சு நாப்பதுக்கு ஆபரேட்டர் கையில கடிகாரம் இருந்திருக்க வழியில்ல," என்று தொடங்கினார் வக்கீலம்மா. "ஆறாவது ரீல் மெஷின்ல இருக்கு. டப்பாவுக்குப் போகல. அப்ப கடிகாரம் ஆணியிலதான் இருக்கணும். வேற யாரோ எடுத்துக் கட்டியிருக்காங்க. முள்ளைத் தள்ளி வச்சு, அந்தச் சுவர்ல அடிச்சு உடைச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப எத்தனை மணிக்குச் செத்தாரு?"

"எப்ப விழுந்தாருன்னு முதல்ல கேளுங்க. மூணு ரீல் சுத்தியிருக்கு. மூணாவதைச் சுத்தறது நாலாவது ஓடறப்போ. நாலாவது சுத்தல. ஆக, நாலாவது ஓடிட்டிருக்கறப்பவே விழுந்துட்டாரு. நாலு அம்பதுக்கு முன்னால."

"படம் நிக்கலையே மேடம். கடைசி வரைக்கும் ஓடுச்சே."

"ஓட்டினது வேற ஆள். மெஷின் தெரிஞ்ச ஆள். ஆனா ரீலைத் திருப்பிச் சுத்தாத ஆள்."

முதலாளி மெல்லத் தலையைத் திருப்பிச் செயலாளரைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கும்மா அந்த வேலை?" என்றார் செயலாளர். குரல் இன்னும் மெல்லியதாகவே இருந்தது.

"பொய்யான நேரம் யாருக்கு உதவும்? அஞ்சு நாப்பதுக்கு முதலாளி வீட்டுல தனியா இருந்தாரு. அந்த நேரத்தை வச்சு அவருக்கு லாபமில்ல. அந்த நேரத்துக்கு ஊரே சாட்சின்னு நிக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். படம் ஓடின ரெண்டு மணி நேரமும் உங்களை யார் பாத்தா?"

செயலாளர் சட்டைக் கையின் மடிப்பைச் சரிசெய்தார்.

வக்கீலம்மா கைகாட்ட, கொழுந்தன் மூன்றாவது ரீலையும் ஓர் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். "இவரோட சங்க அலமாரில இருந்துச்சு. காலையில இன்ஸ்பெக்டர் முன்னாடிதான் திறந்தோம்."

பெட்டிக்குள் சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் ஒற்றை ஃபிரேம். எல்லாம் ஒரே நடிகையின் முகம்.

"ஆபரேட்டர் சீட்டு வச்ச பதினோரு இடத்துலயும் ஒரு ஃபிரேமை வெட்டி எடுத்த புது ஒட்டு. அந்த அம்மாவோட முகம் வர்ற இடங்கள். நோட்டுலயும் இருக்கு. 'ஜன்னல் முகம், துள்ளுகிறது'ன்னு. பிரிண்டைத் திருப்பி வாங்கக் காப்பகத்து ஆள் அன்னிக்கு ராத்திரி வர்றதா இருந்துச்சு. ஆபரேட்டர் சொல்லிடுவேன்னு சொன்னாரா?"

செயலாளர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணையும் விக்கல," என்றார். "ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு ஃபிரேம். ஒண்ணு போனா யாருக்கும் தெரியாது. கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். உதறிட்டுப் படியில இறங்கினான். தோளைத் தள்ளிட்டேன். கீழ போகத்தான் கால் வச்சேன். அதுக்குள்ள திரை வெள்ளையாயிடுச்சு. திரும்பி ஓடி அடுத்ததைக் கோத்தேன். படம் நிக்கக் கூடாதுன்னுதான் முதல்ல தோணுச்சு. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

"ஆறாவதைக் கோத்த பிறகு வேலையில்ல. அப்ப கடிகாரத்தோட இறங்கினீங்க."

"ஆமா."

"அப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

"அசைவு இல்ல."

"முன்னாடி இருந்துச்சு," என்றார் வக்கீலம்மா.

கொழுந்தன் ஏதோ கேட்க வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டுக்குக் கை நீட்டினார். அதைத் தையல்காரிதான் படிக்க வேண்டியிருந்தது. அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்தாள்.

"'நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் வெள்ளைத் திரை. ஆபரேட்டர் தூங்கிவிட்டான். அஞ்சாவது ரீல். சுவருக்குப் பின்னால் யாரோ தட்டுகிறார்கள். ஏழு முறை. ரசனை கெட்ட ஜென்மங்கள். ஆறாவது ரீல். மறுபடியும் தட்டல். ஒரு முறை. நல்லவேளை, நின்றுவிட்டது. படம் தெளிவில்லாதது பிரிண்டின் குறை, ஆபரேட்டர் மேல் தப்பில்லை. மேலே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'"

நோட்டை மூடினாள்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல," என்றார் செயலாளர். "மெஷின் ஓடிட்டிருந்துச்சு."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போனார். முதலாளி பின்னாலேயே போனார். கதவு ஆடி நின்றது.

"வாண்ணே, வீட்டுக்குப் போலாம்," என்றாள் தங்கை. "உன்னை விட்டுட்டாங்க."

அவர் எழவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் உதடு அசைந்தது. குரல் கரகரத்தது.

"மேடம், போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர்கிட்ட பேசினீங்கல்ல?"

"பேசினேன்."

"அந்தக் கடைசித் தட்டல் கேட்டப்போ படம் முடிய இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சு. அப்பவாவது நான் எழுந்து போயிருந்தா?"