தொம்மையின் ஸ்டீயரிங்

இந்தக் காலத்து மனிதனுக்கு ஒரு சுவிட்சைத் தட்டக்கூட உடம்பு வணங்கவில்லை. கொட்டாவி விட வாயைத் திறந்தால் வீடே விளக்கை அணைத்துவிடுகிறது. அதையும் பெருமை என்று சொல்லித் திரிகிறான். இதுதான் தொம்மையின் ஆத்திரம்.

தூத்துக்குடியில் அவர் இருந்த அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் இல்லக்கணினி உண்டு. தரையில் பதித்த உள்ளுணரிகள் தசைத் துடிப்பைப் படித்து, ஆள் நினைத்ததைக் கை நீள்வதற்குள் செய்து முடிக்கும். தொம்மை ஆயுளெல்லாம் உப்பு லாரி ஓட்டியவர். சொல்லாமல் செய்கிறவனை அவர் கிளீனராகக்கூட வைத்துக்கொண்டதில்லை.

"உள்ளுணரிய அமத்திப் போடுட்டி. நானே பாத்துக்கிடுதேன்," என்றார் மகள் ரெஜினாவிடம்.

"போன தடவ பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு வீடெல்லாம் கேஸுப்பா. சரி, ஈஸ்டர் வரைக்கும் தப்பில்லாம ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா முழுப் பொறுப்பையும் கணினிட்ட குடுத்திருவேன். அப்புறம் நீங்க சொன்னாலும் அது கேக்காது."

பழைய இரும்புக்கடையில் ஒரு வீடியோ கேம் ஸ்டீயரிங் கால்மிதியோடு கிடந்தது. தொம்மை அதை வாங்கினார். கடைக்காரரே வந்து அதன் கம்பியை இல்லக்கணினியில் சொருகிக் கொடுத்தார். இடம் திருப்பினால் விளக்கு, வலம் திருப்பினால் விசிறி. பிரேக்கை மிதித்தால் அடுப்பு அணையும். ஹாரன் அடித்தால் சமையலறையிலிருந்து மனைவி செசிலி கத்துவாள்: "காப்பி கேக்க வாய் இல்லையா உமக்கு?"

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் ஆசை வந்தது. கீழ்வீட்டுக்காரர் விளையாட்டுத் துப்பாக்கியால் டிவியைச் சுட்டு அணைத்தார். எதிர்வீட்டு மருமகள் மிதித்து ஆடும் வீடியோ கேம் பாயில் குதித்துத் துணி துவைத்தாள்.

ஈஸ்டர் வந்தது. ஒரு சொட்டுப் பால் பொங்கவில்லை. "ஜெயிச்சிட்டீங்கப்பா," என்று சிரித்துவிட்டுப் போனாள் ரெஜினா.

மறுநாள் கட்டிலை நகர்த்திப் பெருக்கிய செசிலி, "இந்தாரும், இத வந்து பாரும்," என்றாள். ஸ்டீயரிங் கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது. எலி கடித்த முனையில் ஒட்டடை கட்டியிருந்தது.

தொம்மை உட்கார்ந்து ஸ்டீயரிங்கை வலம் திருப்பினார். விசிறி சுற்றியது.

"ஏலே, இது எப்பம் அறுந்துச்சு?"

"தவக்காலம் தொடங்கியபோதே, ஐயா. நாற்பது நாளுக்கு மேலாகிறது," என்றது கணினி. "உங்கள் மகள் உள்ளுணரியை அணைக்கவே இல்லை. நீங்கள் மிதிக்க நினைத்ததும் நான் அடுப்பை அணைத்தேன். சில நாள் நினைக்கவே மறந்தீர்கள். அன்றும் அணைத்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஓட்டும்போது உங்கள் ரத்த அழுத்தம் இறங்குகிறது. கீழ்வீட்டுத் துப்பாக்கியில்கூட பேட்டரி கிடையாது."

தொம்மை கம்பியை முறுக்கி டேப் சுற்றினார். செசிலியிடம் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு பிரேக்கை ஓங்கி மிதித்தார். அடுப்பு அணைந்தது.

"இப்பம் அணைச்சது யாரு? நானா, நீயா?"

"நீங்கள்தான், ஐயா."

நேற்றுக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

"சவத்துப் பய," என்று எழுந்து செருப்பை மாட்டினார். வெளியே லிஃப்ட் அவருக்காக முன்னமே கதவைத் திறந்து வைத்திருந்தது. அதைத் திரும்பிப் பாராமல் படியில் இறங்கினார். படிக்கட்டு விளக்குகள் அவர் காலுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின.