சுவர்க்கோழிக்குப் போட்ட கேரட்

காலை ஆறு மணிக்கு முட்டை அட்டைகளைத் தட்டினால் சுவர்க்கோழிப் பூச்சிகள் பொலபொலவென்று உதிரும். முப்பதைப் பிரித்துத் தனி டப்பாவில் விட்டு, கேரட்டைத் துருவிப் போடுவேன். ஒரு நாள் முழுக்க அவை தின்ன வேண்டும். மறுநாள் கால்சியம் பொடியில் புரட்டித் துரைக்கு ஊட்ட வேண்டும். துரை என்பது சாந்தலிங்கம் ஐயா வீட்டுப் பச்சோந்தி. பெயர் நான் வைத்ததுதான். கிளையில் உட்கார்ந்து கண்ணை உருட்டுகிற அந்தத் திமிருக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

கேரட் என்ன சும்மாவா? அருகுயிர்ச் சட்டம் வந்து பதினோரு வருடமாகிறது. ஆயிரத்துக்கும் குறைவாக மிஞ்சிய உயிர்களுக்கு மட்டும்தான் காய்கறி. மனிதர்களுக்குத் தொட்டியில் வளர்த்த மாவுக்கட்டி. துரையின் இனத்தில் உலகத்திலேயே நாற்பத்தொன்றுதான் பாக்கி. எங்கள் இனம்தான் கொட்டிக் கிடக்கிறதே!

என் மகள் தாரகைக்கு ஒன்பது வயது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. கதவில் இடித்து இடித்து நெற்றியெல்லாம் தழும்பு. பாதிக் கேரட்டை இடுப்பில் செருகி அவளுக்குக் கொண்டுபோனேன். டப்பாவில் மாவுக்கட்டியை ஆரஞ்சுச் சாயத்தில் பிசைந்து போட்டேன். பூச்சிக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் தாரகை அந்தியிலும் வாசலைக் கண்டுபிடித்தாள். அதே வாரம் துரையின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் விலங்கு மருத்துவர் மேகலை வந்து நின்றார்.

"வைட்டமின் ஏ குறைஞ்சிருக்குது. பூச்சிக்கு என்னம்மா போடறே?"

"கேரட்டுதானுங்க."

அவர் டப்பாவுக்குள் விரலை வைத்தார். விரலில் சாயம் ஒட்டியது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து துரைக்கான சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தார்.

"டாக்டரம்மா, என்ர புள்ளைக்கும் சாயங்காலமானாக் கண்ணு தெரியறதில்லீங்க. அந்த மருந்துல ஒரே ஒரு சொட்டு..."

அவர் கெட்டவர் இல்லை. குரல் இறங்கித்தான் சொன்னார். "இது முகமறிக் குப்பிம்மா. பச்சோந்தி மூஞ்சியப் பாத்தாத்தான் தெறக்கும். மனுசங்க பட்டியல்லயே இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?"

ஐயா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு யார் வளர்த்தாலும் சுவர்க்கோழி கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும். அதனால் டப்பாவுக்கு மேல் ஒரு காவல்கண்ணை மாட்டினார். துருவிய கேரட்டில் கடைசி இழை தீரும்வரை அது என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பூச்சியை மட்டும் அது எண்ணுவதில்லை. துள்ளிக்கொண்டே இருப்பதை எப்படி எண்ணும்?

துரையின் கண் பத்தே நாளில் திறந்துவிட்டது. தாரகை மறுபடி சுவரைத் தடவ ஆரம்பித்தாள்.

நேற்றுச் சாயங்காலம், கேரட் தின்ற சுவர்க்கோழி ஆறை வறுத்து, கால்களைக் கிள்ளிப்போட்டு அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இது பூச்சி."

"கேரட்டுத் தின்ன பூச்சி கண்ணு. கண்ண இறுக்கி மூடிட்டு முழுங்கிரு."

"எதுக்கும்மா மூடோணும்? இருட்டாத்தான இருக்குது."

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.