ஆவணி தாண்டிய விக்கல்

“விக்காம ஒரு வார்த்தை பேசுங்க பாப்போம்!”

“பேசுறேன்டி… ஹிக்… கத்தாத…”

“கத்துவேன்! அந்த வீட்டுல காப்பியக் குடிச்சுட்டு வாய விட்டது நீங்க. மாசக் கடைசியில சர்க்கார் கவுந்தா, என் மந்திரி பங்களாவும் சேர்ந்துதான கவுறும்?”

நாகை மிதவைக் குடியிருப்பில் சுவர்கள் எல்லாம் கடற்பாசி அட்டை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு’ என்பார்கள். ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர் தில்லைநாயகத்துக்கும் அவர் மனைவி பூங்கோதைக்கும் நடந்த சண்டையை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. தானாகக் காதில் விழுந்தது.

தேர்தலில் நிற்பவர் தொண்டையில் ‘சொல்காப்பு’ பொருத்த வேண்டும் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகிறது. கடுகளவு கருவி, மூளை நரம்போடு பிணைந்தது. வாக்காளரிடம் கொடுத்த வாக்குறுதியை நினைவில் வைத்துக்கொள்ளும். கெடு தாண்டினால் விக்கல். சொன்னதைச் செய்தால் நிற்கும். அல்லது வாக்குறுதி பெற்றவர் ‘போகட்டும், விட்டேன்’ என்று மனமாரச் சொன்னால் நிற்கும். சர்க்கரைக்கும் தண்ணீருக்கும் அசையாது.

இதனால் அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்வார்கள் என்று அறிஞர்கள் நம்பினார்கள். அவர்களோ சொல்வதை நிறுத்திவிட்டார்கள். தேர்தல் அறிக்கைகள் வெறும் அட்டையோடு வந்தன. சாலை கேட்டால் ‘பார்க்கலாம்’, குடிநீர் கேட்டால் ‘யோசிக்கலாம்’. தில்லைநாயகம் இதில் மகா கெட்டிக்காரர். ஆனால் வீடுவீடாக ஓட்டுக் கேட்கப் போனபோது, பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி டிகிரி காப்பி கொடுத்து, மகளுக்கு வரன் அமையவில்லை என்று கண்ணைக் கசக்கினாள். காப்பி நன்றாக இருந்தது. “கவலைப்படாதீங்க, வர்ற ஆவணிக்குள்ள உங்க பொண்ணு கல்யாணத்த நானே முன்னால நின்னு முடிச்சு வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

ஆவணி போயிற்று. விக்கல் வந்தது.

எதிர்க்கட்சிக்கு இது போதாதா? நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவையில் இரு தரப்பும் சரிக்குச் சரி. தில்லைநாயகத்தின் ஒரு குரல்தான் அரசாங்கம். உறுப்பினர்கள் குரல்மானியில் உடையாத குரலில் வாக்களிக்க வேண்டும். விக்கினால் செல்லாது. தீர்மானத்தைப் புரட்டாசியில் வைத்ததும் தற்செயல் இல்லை. புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

கணவருக்கு மந்திரி பதவி கொடுப்பது பற்றிப் பிரதமர் இரண்டு முறை பூங்கோதையிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய வார்த்தை. அவள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. புண்ணியமாப் போகும்.”

“நல்லா இருக்கே!” என்றாள் செண்பகவல்லி. “நானா நடந்து செருப்புத் தேஞ்சுது. இப்ப சர்க்காரே என் பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுது. விடுவேனா?”

மகள் மதிவதனி அலைமின் நிலையத்தில் சுழலி பழுது பார்ப்பவள். கையில் மசகெண்ணெயோடு நின்றாள்.

“நீயாவது மனசு வைம்மா. சும்மா ஒரு மாலை மாத்திக்க, அப்புறம் கழட்டிடலாம்.”

“பொய்க் கல்யாணம்னு மாமா மனசுக்குத் தெரியும்ல அத்தை? அப்ப அந்தக் கடுகுக்கும் தெரியும். அவர் தொண்டைக்காக நான் கழுத்த நீட்டணுமா?”

ஆளுங்கட்சிக் கொறடா ஜாதகக்கட்டோடு வந்து இறங்கினார். மூன்று மருத்துவர், ஒரு விண்கல ஓட்டி, கட்சிப் பொருளாளரின் மைத்துனன். எல்லோரையும் மதிவதனி காப்பி கொடுத்து அனுப்பினாள். எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று அவள் மனதைக் கரைக்க இளம்பரிதி என்ற பேச்சாளனை அனுப்பியது. அவன் தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவான். பூங்கோதை அட்டைச் சுவரில் காது வைத்துக் கேட்டாள். அரசாங்க விஷயம் ஆயிற்றே.

“வர்றவன் எவனுக்கும் ஒரு ரசம் வைக்கத் தெரியாதுங்க. உங்க வேலையையும் விடச் சொல்லுவான்.”

“உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?”

“தெரியும். அது வேற விஷயம்.”

“நீங்க வேலைய விடச் சொல்லுவீங்களா?”

“நான் ஏங்க சொல்றேன்?”

மறுநாள் பேச்சுக் குறைந்து, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சாதாரணமாக அந்த வீட்டில் பாத்திரம் அவ்வளவு நிதானமாகக் கழுவப்படுவதில்லை. பூங்கோதைக்கு விளங்கிவிட்டது.

வாக்கெடுப்புக்கு முந்திய நாள் மதிவதனி இளம்பரிதியைக் காட்டி அம்மாவிடம் சொன்னாள்: “இவரைக் கட்டிக்கிறேன்.”

“புரட்டாசியிலயா? ஊரு சிரிக்கும்டி!” செண்பகவல்லி கொறடாவைப் பார்த்தாள். “பிரதமரே வந்து ஆசீர்வாதம் பண்ணா, ஒரு வாய் சிரிக்காது. இல்லன்னா தையிலதான்.”

பிரதமர் பறந்து வந்தார். இளம்பரிதியைக் கட்சி நீக்கிய செய்தியும் தாலியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. தில்லைநாயகம் முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் முடிச்சு விழுந்ததும் விக்கல் நின்றது. பூங்கோதை நின்ற இடத்திலேயே அழுதாள். கெட்டிமேளத்தைவிட அந்த நிசப்தம்தான் அவளுக்கு இனித்தது.

பிரதமருக்கும் உள்ளம் பொங்கியது. செண்பகவல்லி கையில் கொடுத்த காப்பியை உறிஞ்சிவிட்டு, கட்சித் தலைவர்களின் பரம்பரை வழக்கம் நாவில் புரள, சொன்னார்:

“அடுத்த ஆவணிக்குள்ள உங்க பேரப்பிள்ளைக்கு நானே வந்து பேர் வைக்கிறேம்மா.”

கொறடாவின் கையிலிருந்த ஜாதகக்கட்டு கீழே விழுந்தது.

மறுநாள் தில்லைநாயகம் கணீரென்று வாக்களித்தார், அரசு பிழைத்தது, பங்களா கிடைத்தது. புதுமணத் தம்பதி அந்தமான் அலைமின் நிலையத்துக்கு மாற்றல் வாங்கிப் போனார்கள். குழந்தை இப்போதைக்கு இல்லை என்று இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆவணி முடிந்ததும் பிரதமர் விக்க ஆரம்பித்தார். மந்திரிகள் மாறி மாறி வந்து செண்பகவல்லியிடம் கெஞ்சினார்கள்.

“நான் சொன்னா பொண்ணு கேக்க மாட்டேங்குறா. சர்க்கார் சொல்லிப் பாக்கட்டுமே!” என்றாள் அவள். விட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த தீர்மானத்தில் பிரதமரின் விக்கிய குரல் செல்லாமல் போய் ஆட்சி கவிழ்ந்து, தேர்தல் வந்து, தில்லைநாயகம் தோற்றார். தொண்டைக் கருவியைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பியவர் அன்றிலிருந்து பூங்கோதைக்கு வாக்குறுதியாகப் பொழிந்தார்: அடுத்த மாதம் காசி, அதற்கடுத்த மாதம் ஒட்டியாணம். ஒரு விக்கல் கிடையாது. பூங்கோதை ஒரு வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு, மன்னார்குடியில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். போகும்போது அந்தக் கழற்றிய கடுகைச் சிமிழில் போட்டு எடுத்துப் போனாளாம். தங்கை வீட்டுக்காரரும் வாக்குறுதியை அள்ளிவிடுகிறவர்தான் என்று கேள்வி.