கதவைப் பூட்டிப் போடாதை

பள்ளிக்கூடத்துக்குப் போகச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே, வழக்கம்போல மேசைப் போனின் பொத்தானை அமர்த்தி அதில் பதிந்திருந்த கணவனின் குரலைக் கேட்ட பத்மாதேவிக்கு, அன்று காலை அதன் முடிவில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. "பத்மா, நான்தான். வந்துகொண்டிருக்கிறன். கதவைப் பூட்டிப் போடாதை, என்ன" என்று சொல்லி, சின்னதாக ஓர் இருமல் இருமிவிட்டு அம்பிகைபாகன் போனை வைத்துவிடுவார். மாதக்கணக்காக அந்தத் தகவல் அவ்வளவுதான். இன்றைக்கு இருமலுக்குப் பிறகு, ஈரமான சரளைக் கல்லில் யாரோ நடந்தார்கள்.

அவர் வேலைசெய்த கந்தோரின் அலுவலாகக் கொழும்புக்குப் போனவர். திரும்பிவரப் பஸ் ஏற முதல் இந்தத் தகவலைப் போனில் விட்டிருந்தார். பஸ் வந்தது, அவர் வரவில்லை. பொலிஸ், ஆமிக் காம்ப், செஞ்சிலுவைக்காரர் என்று அவள் ஏறாத படி இல்லை. யுத்த காலம், தமிழ் ஆள், அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. வத்தேகம மலைச் சரிவிலுள்ள இந்த வாடகை வீட்டில் பொழுதுபட முன்னமே அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். அந்தப் பயத்தைத்தான் அவர் எப்போதும் பகிடி பண்ணுவார்.

அந்தக் குரலும் இனி இல்லையாம். பழைய மாதிரிப் போன்கள் எல்லாவற்றையும் இன்று மாலை ஆறு மணியோடு கம்பெனி நிறுத்துகிறது. போன சனிக்கிழமை அவள் போனைத் துவாயில் சுற்றிக்கொண்டு கண்டி டவுனுக்குப் போனாள். கம்பெனிக் கடையில் நின்ற சந்திரிகா, மடுல்கெல்லத் தோட்டத்துப் பிள்ளை, முன்னர் அவளிடம் படித்தவள்.

"இதிலை இருக்கிற குரலை வேற கம்பெனிப் போனுக்கு மாத்தித் தாங்கோ பிள்ளை."

"முடியாதுங்க டீச்சர். நம்ம கம்பெனி சாஃப்ட்வெயர் நம்ம போன்ல மட்டுந்தான் ஓடும். பூட்டி வச்சிருக்காங்க, எங்களாலயே தொறக்க முடியாது. புதுப் போனு தாரோம், ஆனா அதுக்குள்ள இது போகாது."

"நம்பரையாவது விடுவியளோ?"

"நம்பரும் கம்பெனியோடதுதாங்க. புதுசுக்குப் புது நம்பர்."

"அவருக்கு இந்த நம்பர் மட்டுந்தான் தெரியும், பிள்ளை."

சந்திரிகாவின் கண் கலங்கிவிட்டது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "டேப் ரெக்கோடரைப் பக்கத்துல வச்சுப் பதிஞ்சு பாருங்க டீச்சர்" என்றாள். காசை வாங்கிக்கொண்டு கொடுத்த சாமானுக்குள் மனிசனின் குரலைப் பூட்டிவைத்துவிட்டு, அதுவும் எங்களுடையதுதான் என்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? பத்மாதேவிக்குத் திட்டத் தெரியாது. வீட்டுக்கு வந்து பதிந்தாள். போட்டுக் கேட்டபோது சுவர் மணிக்கூடு இருந்தது, அடுத்த வீட்டு டிவி இருந்தது, அவள் மூச்சுக்கூட இருந்தது. அவர் மட்டும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மழை பிடித்துவிட்டிருந்தது. பின்னேரமே வீடு இருண்டு, ஈரச் சீமெந்தும் பூஞ்சணம் பிடித்த புத்தகங்களும் மணக்க, கூரைத் தகரத்தில் விழுந்த மழையின் இரைச்சலுக்குள் அவள் சேலைகூட மாற்றாமல் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமர்த்தினாள். குரல். இருமல். சரளைக் கல். பிறகு, கடக்.

அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். றோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் ஒரு கல் ஆடும். மிதித்தால் கடக்கென்னும். சீமெந்து வைத்துத் தாறன், தாறன் என்று அவர் கடைசிவரை வைக்காத கல்.

யன்னலால் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் மழைத்தண்ணீர் மட்டும் ஓடியது.

மறுபடியும் அமர்த்தினாள். இந்த முறை கடக்கென்ற சத்தத்துக்குப் பிறகும் காலடி ஏறியது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் கொஞ்சம் கிட்ட வருகிறார். அவளுக்கு வந்தது பயம் இல்லை, பறப்பு. ஆறு மணிக்குள் அவரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். "வாங்கோ, கெதியா வாங்கோ" என்று போனைப் பார்த்துக் கெஞ்சிக் கெஞ்சி அமர்த்தினாள். போனுக்குள் வீட்டுக் கேற் கிரீச்சிட்டது. விறாந்தையில் செருப்பு உரசியது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு ஓடிவந்து மறுபடியும் அமர்த்தினாள்.

அப்போதுதான் மற்றதும் கேட்டது. காலடிக்குப் பின்னால், கீழே றோட்டில், எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு வான், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதாகச் சனம் கதைக்கிற மாதிரி வான். அதன் கதவு இழுபட்டுத் திறக்கிற சத்தம்.

விரல் பொத்தானில் நின்றது. இதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அவருடைய குரலை இனிக் கேட்க முடியாது என்ற நினைப்பு அந்த வானை விடப் பெரிதாக இருந்தது.

அமர்த்தினாள்.

மணிக்கூடு ஆறு அடித்தது. போனின் பச்சை விளக்கு அணைந்தது. குரல் பாதியில் அறுந்தது.

மழை.

மழை மட்டும்.

வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம், ஓர் இருமல்.

திறந்தாள். நின்றார். போகும்போது போட்டிருந்த அதே நீலச் சட்டை. இவ்வளவு மழையிலும் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இஞ்சருங்கோ..." அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். "எங்கை போனீங்கள்?"

"பத்மா, நான்தான். வந்துகொண்டிருக்கிறன்."

வாய் அசையவில்லை.

"உள்ளை வாங்கோ. ஆர் உங்களைக் கொண்டுபோனது? சொல்லுங்கோ."

"கதவைப் பூட்டிப் போடாதை, என்ன."

அதே இருமல். அதே இடத்தில். அதே அளவு.

"வேற ஏதாவது சொல்லுங்கோ. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ!"

"பத்மா, நான்தான். வந்துகொண்டிருக்கிறன்."

கீழே வான் உறுமியது. கதவு இழுபட்டது.

அவள் முழுப் பலத்தையும் போட்டுக் கதவைத் தள்ளினாள். இடுக்கில் அவருடைய கை இருந்தது. குளிர்ந்த கை. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கதவை மூடவிடாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் அந்தக் கல் ஆடியது. கடக்.

பிறகு, கடக்.

ஒருவர் பின் ஒருவராக, கடக். கடக். கடக்.

"கதவைப் பூட்டிப் போடாதை, என்ன" என்றது மூடிய வாய்.